பட்டியலில் இல்லாத பிரோஷ்கா

இல்லை, யாரும் அவளைத் துரத்தவில்லை. மகள் எழுதியது அச்சில் வந்து மானம் போய்விட்டதால் பிரோஷ்கா வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்று இரண்டாம் மாடி எடித் ரொட்டிக்கடை வரிசையில் நின்று சொல்வது வடிகட்டிய பொய். ஓடுகிறவள் காலை ஒன்பதரை மணிக்கு, முற்றத்தைச் சுற்றியுள்ள அத்தனை கதவுகளும் திறந்திருக்கும் நேரத்தில், முன்வாசல் வழியாகவா ஓடுவாள்? அதே எடித் மாடிப்படியில் வேறு கதை சொல்கிறாள். அறுபத்தைந்து வயதில் கிழவிக்குத் திடீரென்று யூதப் பித்துப் பிடித்துவிட்டதாம். திடீரென்றாம். பிரோஷ்கா பிறந்த நாளிலிருந்தே யூதச்சிதான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சொல்லாததெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா? எடித் தன் தலைமுடிக்குச் சாயம் பூசுவதையும்தான் யாரிடமும் சொல்வதில்லை.

பிரோஷ்கா எப்படிப்பட்டவள் என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குள்ளம், நல்ல உருண்டை, சிரித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். ஹங்கேரியின் இந்த ஸெகெத் ஊரில், டீஸா ஆற்றங்கரைக் குளியல் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சீட்டுக் கிழித்தவள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. குளிக்க வருகிறவன் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சீட்டில் வெறும் எண்தான். குளித்து முடித்ததும் அந்தச் சீட்டும் ஈரத்தில் கரைந்து போய்விடும்.

பெயர் எழுதிய பட்டியல் என்றால் அவளுக்கு ஆகாது. அவள் சொந்த ஊர் மாக்கோ, வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். நாஜிகள் வந்த நாற்பத்துநாலில், அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அந்த ஊர் நகராட்சியில் ஓர் எழுத்தர் அழகான கையெழுத்தில் யூதக் குடும்பங்களின் பெயர்களை வரிசையாக எழுதினார். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களைக் கொண்டுபோனார்கள். ஒரு வீடு தப்பவில்லை, அவ்வளவு ஒழுங்கான பட்டியல். போனவர்களில் பிரோஷ்கா திரும்பி வந்தாள். இனி எந்தக் காகிதத்திலும் தன் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வது என்று அன்று முடிவெடுத்தாள். எடுத்த முடிவை விடுகிற ஆள் அவள் இல்லை.

மாக்கோவுக்கு அவள் திரும்பவே இல்லை. தன்னைத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஸெகெதில் இறங்கினாள், டிராம் ஓட்டுகிற பேலாவைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவன் குடும்பப் பெயருக்குள் புகுந்துகொண்டாள். அப்போதும் திருப்தி இல்லை. அவள் வீட்டு மணிக்குப் பக்கத்தில் இன்றுவரை இருப்பது முன்பு குடியிருந்த ஹோர்வாத் அம்மாளின் பெயர். அந்த அம்மாள் செத்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. தபால்காரருக்கு விஷயம் தெரியும் என்பதால் யாருக்கும் சிரமமில்லை. நூலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதற்காக, கீழ்வீட்டுக் குழாய்க்காரர் அல்பினின் அட்டையில் புத்தகம் எடுத்து வந்தாள். அல்பின் ஆயுளில் ஒரு புத்தகம் படித்ததில்லை. ஒரு வருஷம் வட்டாரத்தின் சிறந்த வாசகர் என்று கூப்பிட்டு, கைகுலுக்கி, அவருக்கு ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். பாதியாகப் பிரிக்க முடியாத பொருள் என்பதால் அது கோடையில் அவர் ஜன்னலிலும் குளிர்காலத்தில் இவள் ஜன்னலிலும் இருந்தது.

பேலா கத்தோலிக்கன், நல்ல மனுஷன், கேள்வி கேட்காதவன். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், சாமான் அறையில் ஜாம் பாட்டில்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி டம்ளரில் மெழுகுவர்த்தி எரியும். இறந்தவர்களுக்காக எரிகிற விளக்கு அது. அன்றைக்கு மட்டும் பேலா குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க அல்பின் வீட்டுக்குப் போய்விடுவான்.

அவர்களுக்கு ஒரே மகள், மல்வின். அவள் தான் யார் என்று தெரிந்துகொண்டது பன்னிரண்டு வயதில். பள்ளியில் யாரோ சொன்ன கோன், க்ரூன் ஜோக் ஒன்றை வீட்டுக்கு வந்து சொன்னாள். அந்த இரண்டு யூதர்களை வைத்து இந்த நாட்டில் ஆயிரம் ஜோக் உண்டு. பிரோஷ்கா மீன் சூப்பைக் கிளறியபடியே கேட்டாள், சிரிக்கவில்லை.

"தப்பாச் சொல்றடி. வாத்தை வாங்குறவன் கோன் இல்ல, க்ரூன். கோன்தான் விக்கிறவன். நம்ம வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"நம்ம வீட்லன்னா?"

"நம்ம வீட்லன்னா நம்ம வீட்லதான். தட்டை எடுத்து வை."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மல்வின் வளர்ந்தாள், பல் செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் செய்தாள், விவாகரத்தும் செய்தாள், அப்பா போன பிறகு அம்மாவோடு வந்து இருந்தாள். அவளுக்கு ஒரு வினோதமான வியாதி இருந்தது. பள்ளியில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நாற்பது வயதிலும், எதிலாவது கையெழுத்துப் போட வேண்டி வந்தால் அதே வலி. பட்டியலைக் கண்ணால் கூடப் பார்க்காதவள் அவள். அந்த வலி யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் எழுத ஆரம்பித்தாள். பெயருக்கோ பகட்டுக்கோ இல்லை. எடித் இதைக் காது கொடுத்துக் கேட்கட்டும்.

கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய பிறகு, யூத ஜெபக்கூடத்துப் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் ஒன்பது பேர் கூடி ஆளுக்கு ஆள் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதிப் படித்தார்கள். ஓய்வு பெற்ற லத்தீன் வாத்தியார் ஓஸ்கார்தான் நடத்தினார். ஒன்பது பேருக்கும் வாயைத் திறக்காத அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். ஒன்பது கதைகளையும் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று தெரியாது என்று ஓஸ்காரே சொல்வார்.

மல்வின் முதலில் எழுதிய வரி, "என் அம்மா ஒரு மூடிய கதவு." தாள்களை ரொட்டிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தாள். அந்த வீட்டில் ரொட்டியை எடுப்பது யார் என்று யோசிக்காமல் விட்டது அவள் தப்பு. அடுத்த நாள் பார்த்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "எந்தக் கதவு? நம் வீட்டில் குளியலறைக் கதவுகூட மூடாது. அதை உன் அப்பா சரிசெய்கிறேன் என்று சொல்லிச் செத்தார்." சாப்பிடும்போது அம்மா பாதியில் எழுந்துவிடுவது பழைய பயத்தின் மிச்சம் என்று எழுதியிருந்தாள். பென்சில் சொன்னது: "பால் பொங்கிக்கொண்டிருந்தது." திரும்பி வராத பெரியம்மா ஒருத்தி கடைசியாகப் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டைப் பற்றி, சின்ன வயதில் எப்போதோ காதில் விழுந்ததை வைத்து எழுதியிருந்தாள். பென்சில் அதை அடித்துவிட்டு, "பழுப்பு" என்று போட்டது. வாசல் பக்கம் எப்போதும் தயாராக ஒரு பை இருக்கும், அதில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் சர்க்கரைக் கட்டியும் இருக்கும் என்று எழுதிய வரியை மட்டும் பென்சில் தொடவில்லை. அதை மல்வின் கவனித்தாள்.

"அம்மா, இது என் எழுத்து. நீ எதுக்குத் திருத்துற?"

"எழுத்து உன்னோடது. வாழ்க்கை என்னோடது. தப்பும் தவறுமா கெடந்தா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"அப்ப நீயே சொல்லு, நான் எழுதிக்கறேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ எழுது. நான் திருத்தறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போயிற்று. மல்வின் ஒரு பக்கம் எழுதினால் பென்சில் ஒன்றரைப் பக்கம் எழுதியது. வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்தால் உண்மை வெளியே வருகிறது என்பதை மல்வின் பிப்ரவரிக்குள் கற்றுக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் ஓஸ்கார் பென்சில் வரிகளைத்தான் முதலில் படித்தார், ஒன்பது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படித்தான் செங்கல் சூளைக் கதையும் வந்தது.

சுற்றுவட்டாரத்து யூதர்களையெல்லாம் ஸெகெத் செங்கல் சூளையில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து வேறு வேறு திசைக்கு ரயில்கள் போயின. பிரோஷ்காவும் அவளைவிட மூன்று வயது மூத்த அக்காவும் ஒரே வரிசையில் நின்றார்கள். பக்கத்து வரிசையில் ஒருத்தி மூன்று குழந்தைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். அக்கா, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கே போய் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வரிசைகள் நகர்ந்தன. பிரோஷ்கா ஏறிய ரயில் ஆஸ்திரியாவுக்குப் போனது, அதில் போனவர்கள் பலர் திரும்பினார்கள். அக்கா ஏறிய ரயிலில் போனவர்களில் அநேகமாக யாரும் திரும்பவில்லை. திரும்பி வந்த கோடை முழுவதும் பிரோஷ்கா ஸெகெத் ஸ்டேஷனில் போய் நின்றாள். உன் அக்கா டைஃபஸ் காய்ச்சலில் செத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு பெண் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். பின்னால் மகள் பிறந்தபோது அக்காவின் பெயரை வைத்தாள். யூதர்களிடையே இறந்தவர் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் அவரைப் போகச் சொல்வது போல ஆகிவிடும்.

வசந்தத்தில் ஓஸ்கார் ஒரு யோசனை சொன்னார். யூதச் சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மெல்லிய பத்திரிகை போடுகிறது, வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பழைய ஊர்க்காரர்களுக்கும் அனுப்புகிறது. மல்வின் எழுதியதை அதில் போடலாம். பிரோஷ்கா ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டாள்: பெயர் கூடாது. மல்வினும் வாக்குக் கொடுத்தாள், காப்பாற்றவும் செய்தாள். தான் புனைபெயரில் ஒளிந்துகொண்டாள். அம்மா வெறும் "அம்மா", பெரியம்மா வெறும் "அக்கா". கடைசிப் பிரதியைப் பிரோஷ்கா சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். பென்சில் அசையவில்லை.

"இவளுக்கு ஏன் பேர் இல்ல?"

"நீதானேம்மா போடக்கூடாதுன்ன."

"என் பேரைப் போடாதேன்னேன். அவ பேரை யாரு வேண்டாம்னா? செத்தவளை எவன் வந்து திரும்ப ரயில் ஏத்தப் போறான்? போடு. லோவிங்கர் மல்வின், மாக்கோ. முழுசாப் போடு. உன் பேரும் அதுதான்னும் போடு. எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."

அப்படியே போட்டார்கள். மே மாதக் கடைசியில் ஓஸ்கார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் இஸ்ரேலின் ஹைஃபா நகரிலிருந்து வந்த கடிதம். பிரோஷ்கா செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மல்வின் சத்தமாகப் படித்தாள்.

"மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு. நான் இறந்துபோனதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு திருத்தங்கள் உண்டு. நான் சாகவில்லை, டைஃபஸில் செத்தது என் பக்கத்தில் படுத்திருந்தவள். அந்தக் கோட்டும் பழுப்பு இல்லை, பாட்டில் பச்சை. நாற்பத்தாறில் மாக்கோவுக்கும் ஸெகெதுக்கும் எழுதிக் கேட்டேன். திரும்பி வந்தவர்கள் பட்டியலில் லோவிங்கர் பிரோஷ்கா என்று யாரும் இல்லை என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. நான் நம்பிவிட்டேன். நாற்பத்தொன்பதில் எனக்குப் பெண் பிறந்தாள், அவளுக்குப் பிரோஷ்கா என்று பெயர் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதியதில் உங்கள் அம்மாவுக்குப் பெயர் இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள், அவள் பெயர் என்ன?"

கீழே டெலிபோன் எண் இருந்தது. பிரோஷ்கா எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த அத்தனை பழத்துக்கும் ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்து முடித்தாள். கை மணிக்கட்டு வரை சிவப்பு.

"திரும்பி வந்தப்ப சபை ஆபீஸ்ல ஒரு பொண்ணு மேஜை போட்டு ஒக்காந்திருந்தா. வந்தவங்க பேரை எழுதிக்கறோம், தேடுறவங்களுக்கு உதவும்னா. நான் அந்தப் பக்கமே போகாம சுத்திக்கிட்டுப் போனேன்."

"உனக்கு அப்ப பதினேழு வயசும்மா."

"பதினேழு வயசுன்னா அக்கா வேண்டாமா?"

அந்தக் குடும்பம் பட்ட அடியைப் பற்றி மல்வின் எத்தனையோ எழுதியிருந்தாள், பட்டியலுக்குப் பயந்தே அக்காவைத் தொலைத்தவளைப் பற்றி எழுத அவளுக்குத் தோன்றியதில்லை. எண்ணைச் சுழற்றி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள். பிரோஷ்கா நின்றுகொண்டே பேசினாள். மறுமுனைக் குரல் எவ்வளவு உரக்க இருந்ததென்றால் ஓஸ்காருக்கும் கேட்டது.

"மல்வினக்கா?"

"யாரு?"

"நான்தான். எம் பேர் லோவிங்கர் பிரோஷ்கா."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"குரல் தடிச்சுப் போச்சேடி உனக்கு."

"அக்கா, நான் அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கணும். வரிசை நகர்றப்ப கூப்பிட்டிருக்கணும். வாயே வரல எனக்கு."

"கூப்பிட்டிருந்தா மட்டும் வந்திருப்பேனா? நீ எப்பவும்தான் கூப்பிட்டுக்கிட்டே இருப்ப. காதுலயே போட்டுக்க மாட்டேன் நான்."

பிரோஷ்கா சிரித்துவிட்டாள். மூன்று மாடிக்கும் கேட்டது. நாற்பத்தொன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை அக்கா ஒரே வீச்சில் தள்ளிவிட்டாள். பிறகு இருவரும் ஜூன் மாத விளக்கைப் பற்றிப் பேசினார்கள். அங்கேயும் அதே மாதம் எரிந்திருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்போது எனக்கு விளக்கேற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள்.

ஹைஃபாவில் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தது, பயணம் முடியாது. பிரோஷ்காதான் போக வேண்டும். போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் படிவத்தில் பிறந்தபோது இருந்த பெயர் என்ன, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்று எல்லாம் வரிசையாகக் கேட்டிருந்தது. அந்தத் தாளை மாவுப் பானை மேல் வைத்துவிட்டு பிரோஷ்கா மூன்று வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வலது கையில் வீக்கம் என்றாள், கண்ணாடி சரியில்லை என்றாள், அடுத்த வாரம் என்றாள். மகள் நிரப்பித் தருகிறேன் என்றால் அதற்கும் விடவில்லை. மல்வின் வற்புறுத்தவில்லை. அந்த வயிற்று வலி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைஃபாவிலிருந்து அழைப்பு வரும். நான்காவது ஞாயிறு அக்கா கேட்டாள்: "தாளை நிரப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சரி, அவசரம் இல்ல. நான் செத்தப்புறம் நிரப்பு. செத்தவங்க பேரைப் போடத்தானே உனக்குத் தைரியம் வரும்?"

பிரோஷ்கா ரிசீவரை வைத்துவிட்டு, அவளுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று மகளிடம் சொன்னாள். மறுநாள் காலையில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றாள், மகளைக்கூட அழைக்கவில்லை. ஜன்னலில் இருந்த பெண்ணுக்கு எதிரிலேயே நின்று எழுதினாள். எழுத்தை அழுத்திய அழுத்தலில் "லோவிங்கர்" இருந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

"பரவாயில்ல பாட்டி, வேற தாள் தர்றேன்," என்றாள் அந்தப் பெண்.

"குடும்மா. ஒரு தடவை எழுதியாச்சு, இன்னொரு தடவை எழுதறதுல என்ன இருக்கு?"

இரண்டாவது தாள் கிழியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மல்வின் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஸ்போர்ட் ஆகஸ்டில் வந்தது. பிரோஷ்கா கிளம்பியது செப்டம்பர் ஏழு, செவ்வாய்க்கிழமை. சலாமி எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வீட்டில் பன்றி ஆகாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்குப் பதில் சிவப்பு மிளகாய்த் தூள் இரண்டு பொட்டலம், கசகசா ரோல் எட்டு, மாக்கோ வெங்காயம் இரண்டு கிலோ. வெங்காயம் அங்கேயும் கிடைக்கும் என்று மல்வின் சொல்லிப் பார்த்தாள், பயனில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று அல்பின் கேட்டார். பேசி முடிக்கிற வரை என்றாள்.

அன்று நடைபாதை முழுக்க ஆட்கள் நின்றார்கள். அல்பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், மல்வின் கீழே டாக்சியை நிறுத்தி வைத்திருந்தாள். எடித் தன் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள், பெருக்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தைப் பெருக்கினாள்.

"எங்க பிரோஷ்காக்கா, இவ்வளவு வெங்காயத்தோட?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் பிரோஷ்கா சந்தைக்கு என்பாள், டாக்டரிடம் என்பாள், எதையாவது சொல்லி நழுவிப் போவாள். அன்று நின்றாள். பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எங்க அக்கா வீட்டுக்கு," என்றாள். "லோவிங்கர் மல்வின். எங்களுக்குச் சொந்த ஊர் மாக்கோ. ஹைஃபாவுல இருக்கா."

எடித் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாயில் அடுத்த கேள்வி வருவதற்குள் பிரோஷ்கா படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, பெரிய கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.